பீச்சாங்கை முறுக்கு

சினாவில் ஏப்ரல் பிறந்தால்
ஒட்டகங்கள் தாமாகவே உதிர்க்கத் தொடங்கும்.
கத்தரி வேண்டாம். கழுத்தோரம், திமிலோரம்
விரலைவிட்டு இழுத்தால் போதும்,
தலையணை கிழிந்ததுபோல் வரும்.
ஃபர்ஹாவுக்கு மட்டும் கூச்சம்.
இழுக்கும்போதெல்லாம் மென்றதைத்
திரட்டி என் சட்டையில் துப்புவாள்.
அதற்கென்றே ஒரு சட்டை வைத்திருக்கிறேன்.

ஆடுகள் அப்படியில்லை.
நூற்றுப் பன்னிரண்டு உருப்படி.
காதில் எண் உண்டு, பெயர் நான் வைத்தது.
எங்கே போனாலும் வழிமறித்து நிற்கும்
கறுப்புக் கிடா, தாசில்தார்.
அவரைப் படுக்கப்போட்டு முடி வெட்ட
நூர் பக்ஷ் கால்களைப் பிடிக்க வேண்டும்,
நான் பலூச்சியில் ஒன்றும்
அவன் தமிழில் ஒன்றுமாக
வசவு பாட வேண்டும்.
இல்லாவிட்டால் அடங்க மாட்டார்.

அப்புறம் முள் பொறுக்கி, புழுக்கை உதிர்த்து,
டாங்கர்த் தண்ணீரில் அலசி
(அளந்துதான், குடிப்பதும் அதே தண்ணீர்)
வேலிக் கம்பியில் காயப்போட்டால்
பிற்பகல் முழுக்க
வேலியே ஒரு விலங்குபோல் மூச்சுவிடும்.

மேய்க்கையில் கை சும்மா இருக்கிறதே என்று
தக்ளி ஒன்று செய்துகொண்டேன்.
ஷவர்மாக் கடைக் கம்பித் துண்டு,
பால்பவுடர் டப்பா மூடி.
நடந்தபடி நூற்பேன். வன்னி நிழலில் நின்று நூற்பேன்.
காஃப் என்பார்கள் இங்கே;
முள் குத்தினால் வன்னி என்றுதான் வாயில் வருகிறது.
போனில் சுகந்தி பேசும்போதும் நூற்பேன்.
"என்னங்க அது, வர்ர்ருனு?"
"காத்து."
காற்று மாதம் எட்டு ரியால் தருவதை
சீட்டுக் கட்டும் நாளில்தான் சொன்னேன்.

ரய்யா, முதலாளியின் அக்கா.
தரையில் நாலு முளை அடித்து
ஒட்டகப் பட்டை நெய்பவள்.
வியாழன் சந்தைக்குக் கொண்டுபோன
என் முதல் பத்து உருண்டைகளில் ஒன்றைப் பிரித்து
தன் நூலோடு சேர்த்து முறுக்கினாள்.
ஒன்று தளர்ந்தது,
மற்றது இறுகி முடிச்சு முடிச்சாய்ச் சுருண்டது.
"யார் கை இது?"
தூக்கிக் காட்டினேன்.

பள்ளியில் ஸ்கேல் தேடி வந்த கை.
பந்தியில் அப்பா கிள்ளிய கை.
இங்கே ஒரே தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால்
தொடைக்கடியில் நான் புதைத்து வைக்கும் கை.
அவள் மொழியிலும் அதற்கு நல்ல பெயர் இல்லை போல,
ஒன்றும் சொல்லாமல்
சாக்கைத் திருப்பித் தந்தாள்.

ஒரு வாரம் சோற்றுக்கையால் நூற்றேன்.
நூல் இல்லை அது, கொழுக்கட்டை வரிசை.
நூர் பக்ஷ் அதில் ஒன்றைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு
நாள் பூராவும் சிரித்தான்.

அடுத்த திங்களன்று அவளே பிக்கப் ஓட்டிக்கொண்டு வந்தாள்.
கண்மட்டும் தெரியும் முகமூடி,
மடியில் இரண்டு பட்டைகள்.
முதலாவது முழுக்க அவள் நூல்.
ஓரங்கள் பொரித்த அப்பளமாய் மேலே வளைந்திருந்தன.
இரண்டாவதில்
சாக்குக்கடியில் ஒட்டி நின்றுபோன என் உருண்டையை
அவள் நூலுக்குப் பக்கத்தில் ஓட்டியிருந்தாள்.
பட்டை தரையில் படுத்துக் கிடந்தது,
வெயிலில் நாய் படுப்பதுபோல்.
ஒரே கறுப்புத்தான் இரண்டும்.
ஆனால் சாய்த்துப் பார்த்தால்
ஓரம் நெடுக ஒரு கெண்டைமுள்.

"அந்தக் கையாலேயே நூற்றுக் கொண்டு வா."
சரி என்றேன்.
"மணல் இருக்கிறது இதில்.
உருண்டைக்கு இருநூறு பைசா குறைத்துக்கொள்வேன்."
அதற்கும் சரி என்றேன்.
தாசில்தார் பிக்கப்பின் முன் நின்றுகொண்டு
அரைமணி நேரம் அவளைப் போகவிடவில்லை.

பட்டையை முதலில் ஃபர்ஹாவுக்குத்தான் கட்டினோம்.
முகர்ந்தாள். துப்பினாள்.
நல்ல சட்டை அன்று.

ராத்திரி தட்டைச் சுற்றி ஆறு பேர்.
இடது கையை வழக்கம்போல் ஒளித்துக்கொண்டேன்.
சோறு பாதி ஆனபோது பார்த்தால்
தொடைக்கடியில் அது
எங்கிருந்தோ ஒட்டி வந்த ஒரு பிசிறைத்
திரித்துக்கொண்டிருக்கிறது.