இரவல்

ஏழாம் மாசம்.
குந்தி இருக்க வயிறு விடுவதில்லை,
பலகையைச் சாய்த்துப் போட்டு அண்டி தல்லுகிறேன்.
கருங்கல் அண்டியாபீஸில் நாங்கள் முப்பது பேர்.
தோட்டின் எண்ணெய் விரலைப் பொள்ளிக்கும்,
சாம்பல் தொட்டுக்கொள்வோம்.
பருப்பைக் காக்கத்தான் தோட்டுக்கு
அத்தனை காரம்.

பக்கத்துப் பலகையில் லில்லிபாய் இருமுகிறாள்.
நாற்பது நாளாய் இருமுகிறாள்.
"பொகைடி, வறக்குத பொகை."
போன பேற்றில் நானும் அதையேதான் சொன்னேன்.

அபிஷாவுக்கு அன்று முப்பத்தெட்டாம் நாள்.
ஆறு வாரம் ஆனால்தான் முதல் ஊசி.
அட்டையில் தேதி போட்டிருந்தது,
நாலு நாள் தள்ளி, ஒரு புதன்கிழமை.

அவள் இருமவில்லை.
கக்குவான் என்றால் கூவும், தெருவுக்கே கேட்கும்
என்றுதான் நினைத்திருந்தேன்.
அந்த நெஞ்சுக்குக் கூவ ஏது பெலன்?
பால் குடித்துக்கொண்டே
மூச்சை விட்டுவிட்டுச் சும்மா இருந்தாள்.
உதடு நாவப்பழமாய்.

ஆசாரிப்பள்ளம் போகிற வழியில் ரயில்வே கேட்
மூடிக் கிடந்தது.
ஜெறின் இறங்கி ஓடி கேட்காரரிடம் கெஞ்சினான்.
சரக்கு வண்டி. நான் பெட்டியை எண்ணவில்லை,
அவள் மூச்சை எண்ணினேன்.
எண்ணிக்கை இடையிடையே நின்றது.

பத்தொன்பது நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.
டாக்டர் கேட்டார், வீட்டில் யாருக்கு இருமல்?
நான் கையைத் தூக்கவில்லை.
பிறகு தூக்கினேன்.

"எனக்கு சின்னதுல ஊசி போட்டதுல்லா சார்?"
"அது எப்பமே தேஞ்சு போயிருக்கும்மா."
செருப்பு தேய்வதைப் பார்க்கலாம்.
இது தேய்ந்ததை யார் பார்த்தார்?

இந்தத் தடவை நானே கேட்டேன்.
நர்ஸ் பிரைசி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.
"இங்க போட்டது ரணஜன்னிக்கும்
தொண்டை அடைப்பானுக்கும்.
கக்குவானும் சேந்தது வெளிய வாங்கணும்."
விலை, அஞ்சு நாள் கூலி.
"அபிஷாவுக்கு வந்தப்பம் எனக்கும் வந்துதே, போதாதா?"
"வந்ததும் தேயும், போட்டதும் தேயும்.
ஒவ்வொரு பேற்றுக்கும் புதுசா போடணும், கேட்டியா.
இது ஒனக்கு மட்டும் இல்ல.
ஒன் ரத்தத்துல ஊறி கொடி வழியா எறங்கும்.
பிள்ளைக்கு அது இரவல்தான்.
ரெண்டு மூணு மாசம் தாங்கும்,
அதுக்குள்ள சொந்த ஊசி தொடங்கிரும்."

மறுநாள் என் பலகையை
லில்லிபாயிடமிருந்து தள்ளிப் போட்டேன்,
ஜன்னல் பக்கம். ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன்.
"எனக்கென்ன பேயா பிடிச்சிருக்கு?" என்றாள்.
நாலு நாள் பேசவில்லை.
அவள் கொட்டன் மட்டும்
கொட்டையைவிடக் கல்லைத்தான் அதிகம் அடித்தது.

சனிக்கிழமை கூலி வாங்கும் வரிசை.
வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தாள்.
கையில் அவளுக்கு விழுந்த சீட்டுப் பணம்.
"பிரைசி வீட்டுக்கு வந்து தொண்டையத் தடவி
எடுத்துட்டுப் போனா. குளியும் தந்தா."
எண்ணாமல் நீட்டினாள்.
"இரவல்தான். மறந்திராத."
அவள் மகள் பேற்றுக்கு வைத்திருந்த பணம் என்று
பிறகுதான் தெரிந்தது.

ஊசி மார்த்தாண்டத்தில். இடது தோள்.
எறும்பு கடித்த அளவுதான்,
ராத்திரிதான் கனத்தது.
அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாமல்
அபிஷாவின் மூச்சை எண்ணினேன்.
நாலு வயசாகிறது, குறட்டை விடுகிறாள்,
நான் எண்ணுவதை நிறுத்தவில்லை.
நூற்றுப் பன்னிரண்டில் உள்ளே இருந்தது
ஒரு உதை விட்டது.
அதற்கு எதுவும் தெரியாது,
என்ன இறங்குகிறது என்றும்
யார் பணம் என்றும்.

திங்கட்கிழமை கை தூக்க வரவில்லை.
உடைத்தது கால் கிலோகூடத் தேறாது.
துண்டு கட்டிய ஒருத்தி
தன் தட்டிலிருந்து ரெண்டு கை பருப்பை
ஜானகியிடம் கொடுத்துவிட்டாள்,
ஜானகி என் தட்டில் கொட்டினாள்.

பலகையை நான் கிட்டத்தில் போடவில்லை.
அவளும் கூப்பிடவில்லை.