பச்சை மழைக்கோட்டு, இரண்டு பால் ரொட்டி

விடிகாலை நாலரைக்கு க்ரோய்ஸ்வெல்ட்டில்
விழித்திருப்பவை இரண்டு:
ரயில் நிறுத்தத்தின் கடிகாரம்,
நான் நிரப்ப வரும் ரொட்டி இயந்திரம்.
முப்பத்தாறு அறை, முப்பத்தாறு கண்ணாடிக் கதவு.

ஊர் என்று சொல்ல முடியாது;
நகரம் என்றால் பசுக்கள் சிரிக்கும்.
சர்க்கரைக் கிழங்கை ஏற்றத்தான் ரயில் முதலில் இங்கே நின்றது.
பிறகு கிழங்கோடு ஆட்களும் ஏறினார்கள்.
பிறகு ஆட்கள் மட்டும்.
ஏழு பன்னிரண்டுக்குப் பிரஸ்ஸல்ஸ் வண்டி.
அது போய்விட்டால் நாய்களும்
தானே புல்வெட்டும் இயந்திரங்களும்தான்
தெருவுக்குப் பொறுப்பு.

டிக்கெட் ஜன்னலைத் தகரம் வைத்து அடைத்தபோது
யாரும் பெரிதாகக் கத்தவில்லையாம்,
வண்டி நிற்கிறதே, அதுவே போதும் என்று.
தபால் நிலையம் பெட்ரோல் பங்கில் ஒரு மேசையாகச் சுருங்கியது.
பங்கை மூடினார்கள்;
மேசை என்ன ஆனதென்று தெரியவில்லை.
வங்கியில் இப்போது பல் வைத்தியம்.
பணம் பூட்டிய அறையில்தான் எக்ஸ்ரே.
"சுவர் நல்ல கனம்," என்கிறார் டாக்டர் ஃபெர்ஹேய்டன்.
போன் செய்தால் வரும் பேருந்து ஒன்று இருந்தது.
இப்போது போன் இருக்கிறது.

பேக்கரிக்காரர் ஆர்னவுட்டை நான் பார்த்ததில்லை.
அவர் கடைச் சுவரில் சாய்ந்துதான் என் இயந்திரம் நிற்கிறது.
கடை இன்று யாருடைய வரவேற்பறையோ;
நான் தட்டு இறக்கும் சத்தத்துக்கு
மாடியில் ஒரு விளக்கு எரியும்,
என்னைத் திட்டும், அணையும்.

போன நவம்பரில் புயலடித்த மறுநாள், சனிக்கிழமை,
மின்சாரம் இல்லை.
கம்பெனிக்குப் போன் போட்டேன்.
காத்திருக்கச் சொல்லிப் பாட்டு வைத்தார்கள்.
வெளுக்கும்போது பதினொரு பேர் நின்றார்கள்;
தினமும் ஒரே பெட்டியில் எதிரெதிரே போகிறவர்கள்,
முழங்காலளவு பழக்கம்.

வேனின் பின்கதவைத் திறந்தேன்.
கார்டை நீட்டினார்கள். எதில் தேய்க்க?
சில்லறை ஒருவரிடமும் இல்லை,
வங்கி போனபோது அதுவும் கூடவே போயிருந்தது.
மாவுப்பையைக் கிழித்துப் பென்சிலால் எழுதினேன்:
லீவே, திராட்சை ரொட்டி ஒன்று.
வானெஸ், வெட்டாத கோதுமை இரண்டு.
நான் பெயர் கேட்கக் கேட்க
பக்கத்தில் நின்றவர்களும் காது கொடுத்தார்கள்.
திட்டும் விளக்குக்காரர் பைஜாமாவோடு இறங்கிவந்தார்,
காஸ் அடுப்பில் போட்ட காப்பியோடு.
கோப்பை போதாமல்
ஒருவர் பூச்சாடியைக் கழுவிக் குடித்தார்.

எட்டேகாலுக்கு மின்சாரம் வந்தது.
'எண்ணை அழுத்தவும்' என்றது இயந்திரம்.
எல்லோரும் மரியாதைக்குத் திரும்பிப் பார்த்தோம்.
அப்புறம் கலைந்தோம்.

திங்களன்று கண்ணாடியில் உறைகள் ஒட்டியிருந்தன.
ஒன்றில் ஐந்து சென்ட் அதிகம்.
ஒரே ஒரு வரி மட்டும் அடிக்கப்படாமல் நிற்கிறது:
பச்சை மழைக்கோட்டு, இரண்டு பால் ரொட்டி.
பெயர் கேட்குமுன் போய்விட்டார்.

பணத்துக்காக இல்லை.
வெள்ளிக்கிழமை இரண்டாம் நடையில்
ரயில்வே கேட் என்னை நிறுத்திவைக்கும்போது
நடைமேடையைப் பார்க்கிறேன்.
இந்த நாட்டில் பச்சை மழைக்கோட்டுக்குப்
பஞ்சமே இல்லை.