இருபது பாகைக்குள்

லெட்டர்கென்னிக்கு வடக்கே, பெட்ரோல் பங்கின் முதுகில்
ஒரு தகரக் கொட்டகை. பிப்ரவரி மழை
மூன்று மணிக்கே வெளிச்சத்தை அணைத்துவிட்டது.
என்னைக் கட்டியிருந்தவன்
இப்போது என்னைக் கட்டிவைக்கக் கூலி வாங்குகிறான்.
மணிக்கு முப்பத்தைந்து யூரோ, வரி தனி.

"உட்கார்" என்கிறான் ஃபின்டன்.
"ஹெல்மெட்டோடு. பந்தயத்தன்று போடும் அதே உடுப்போடு.
மூச்சை இழுத்துப் பிடிக்காதே,
பெல்ட்டிடம் பொய் சொல்லாதே."

நான் நினைத்து வந்தது சுலபமானது:
சீட்டுக்குப் பின்னால், தரையில்
ஏற்கெனவே ஓட்டை இருக்கிறது, அதில் முடுக்கிவிடலாம்.
அவன் தலையை ஆட்டினான்.
"தோளிலிருந்து நேரே கீழே இறங்கும் பட்டை
மோதும்போது உன்னைப் பின்னால் பிடிக்காது.
தரைக்கு இழுக்கும்.
தண்டுவடம் நடுவில் நிற்கும், பாவம்."

தலைக்கு மேல் வளைந்த கம்பி இருக்கிறதா என்று
தட்டிப் பார்த்தான், இரண்டு முறை.
அது இல்லாத வண்டிக்கு இதை மாட்ட மாட்டானாம்:
கவிழ்ந்தால் எல்லாரும் குனிவார்கள்,
கட்டப்பட்டவளுக்குக் குனிய வழியில்லை.

கம்பியின் குறுக்குச் சட்டத்திலிருந்து என் தோளுக்கு ஒரு நூல்.
பாகைமானி எங்கள் நீவ் ஆறாம் வகுப்பில் விட்டுப்போனது,
ஓரத்தில் இன்னும் அவள் பல்தடம்.
"பன்னிரண்டு. இருபதுக்குள் இருந்தால் போதும்."
இவ்வளவு சிறிய எண்ணில்
அவன் திருப்தியடைந்து நான் பார்த்ததில்லை.

காருக்கு அடியில் போய்ப் படுத்தான்.
மஸ்தாவின் தரை வறுத்த அப்பளம் மாதிரி,
வெறும் வாஷரை நம்பினால்
போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.
உள்ளங்கை அகலத்துக்கு எஃகு வெட்டினான்,
முனைகளை அராவி மழுக்கினான்.
அடியிலிருந்து அவன் குரல், துருவோடு:
"மேலே ஸ்பானரைப் பிடி. திருப்பாதே. பிடி மட்டும்."
பன்னிரண்டு வருடம் இதைத்தான் சொன்னான்.

இடுப்பெலும்பு எங்கே என்று அவனுக்குத் தெரியும்.
இருந்தாலும் கேட்டான்.
நான் விரல் வைத்துக் காட்டினேன்.
"அதன் மேல்தான். வயிற்றுக்கு ஏறவிடாதே.
உள்ளே ஈரல் இருக்கிறது,
பெல்ட்டுக்கு ஈரம் கிடையாது."
தொடைகளுக்கிடையே வரும் இரண்டையும்
என் கையில் கொடுத்துவிட்டுக் கதவுப் பக்கம் போனான்,
மழை எப்படி என்று பார்க்க.
மழை அப்படியேதான்.

பையில் பழைய செட் ஒன்று வைத்திருந்தேன், சிவப்பு.
அவன் தம்பி கோர்மக்குடையது.
அதைக் கட்டிக்கொண்டு மூன்று முறை உருண்டவன்
இறங்கி வந்து சிகரெட் கேட்டான்.
"அன்று தாங்கியதுதானே?" என்றேன்.
"தாங்கியது. நீண்டது.
இந்த நார் ஒருமுறைதான் நீளும்."
தகரம் வெட்டும் கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கினான்,
ஒரு தோள், மறு தோள், தேதி அச்சிட்ட துணி.
முழுசாகக் குப்பையில் போட்டால்
யாராவது எடுத்துக் கட்டிக்கொள்வார்களாம்.

வளையத்தில் நுழைத்து, மடக்கி, மீண்டும் நுழைத்து,
வால் நாலு விரல் விட்டு,
முதலில் இடுப்பை இறுக்கினேன், பிறகு தோள்களை.
கொட்டகை திடீரென்று சிறிதானது.
"தீயணைப்பான் எட்டுகிறதா?" எட்டியது.
"சாவி?" எட்டியது.
ரேடியோ எட்டவில்லை. "நல்லது" என்றான்.

"இப்போது கார் எரிகிறது. வெளியே வா."
பதினொரு நொடி.
"செத்தாய். மறுபடியும்."
ஒன்பது. கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை,
இடது கையால் ஒருமுறை.
கடைசியில் ஒரே திருப்பு,
ஆறு பட்டையும் ஒன்றாகக் கழன்று விழுந்தன.
எங்களுக்குப் பதினான்கு மாதமும்
இரண்டு வக்கீல்களும் தேவைப்பட்டது.

ரசீதில் எழுதினான்:
பெல்ட் ஒரு செட். போல்ட் நாலு. அடித்தகடு நாலு.
கூலி, மூன்று மணி நேரம்.
ஐந்து ஆகியிருந்தது.
நானும் கடிகாரத்தைப் பார்த்தேன், அவனும் பார்த்தான்.