எதிரெதிர்ப் பங்கு

முதலில் இரும்பை விலக்க வேண்டும்.
மண்வெட்டியின் அலகு பட்ட விளிம்பை
மூங்கில் பத்தையால் சுரண்டித் தள்ளிவிட்டு
உள்ளிருப்பதை மட்டும் எடுக்க வேண்டும்.
தேடுவது உலோகம்.
எங்கள் உலோகம் அதில் சேரக் கூடாது.

ஹூனானில், ஷியாங் ஆற்றின் கிளையோடை ஒன்றின் கரையில்
ஔயாங் லியன்ஷியாங்கின் அறுவடை வயல்.
வரப்புக்கு வரப்பு கோணல்மாணலாக நடந்து
பதினோரு இடத்தில் தோண்டினேன், ஒரு சாண் ஆழம்.
வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கை போதும்.
இதற்குப் போதாது.

தார்ப்பாயில் கொட்டிக் கலந்து
வட்டமாகத் தட்டி
குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு.
எதிரெதிர்ப் பங்கு இரண்டை வைத்துக்கொண்டு
மற்ற இரண்டையும் வயலுக்கே எறிய வேண்டும்.
மறுபடி தட்டு, மறுபடி கோடு,
ஒரு கிலோ ஆகும்வரை.
"எறியறதுக்கும் வெச்சுக்கறதுக்கும் என்ன வித்தியாசம்?"
வரப்பில் குந்தியிருந்தவள் கேட்டாள்.
ஒன்றுமில்லை என்றேன்.
இருந்தால் நான் சரியாகக் கலக்கவில்லை.

அரைக் கிலோ நெல்லும் கொடுத்தாள்.
"பார்த்து முடிச்சதும் திருப்பித் தருவியா?"
எப்படிச் சொல்வது,
உமி நீக்கி மாவாக்கி
நைட்ரிக் அமிலத்தில் வேகவைப்போம் என்று.
செம்பழுப்புப் புகை எழும், அடங்கும்.
பிறகு குடுவையில்
தண்ணீர்போல் தெளிந்து நிற்கும்
அவளுடைய நான்கு மாதம்.

காட்மியம் தண்ணீருக்கு அடங்கும்.
வயலில் நீர் நிற்கும்வரை
கந்தகத்தைக் கட்டிக்கொண்டு உறங்கும்.
கதிர் பால் பிடித்த பின் மடையைத் திறந்து
வயலைக் காயவிட்டால் எழுந்து வேரில் ஏறும்.
வடிக்காமல் விடலாமென்றால்
ஆர்சனிக்குக்கு அந்தத் தண்ணீர்தான் பிடிக்கும்.
இதைப் பயிற்சி முகாமில் படம் போட்டுக் காட்டினேன்.
"அப்போ பாதிப் பாதி நனைக்கணுமா?"
பின்வரிசையில் ஒருவர் கேட்க, சிரித்தார்கள்.
என் பதிலும் கிட்டத்தட்ட அதுதான்.

முதல் உறைபனி விழுந்த வாரம் அறிக்கையோடு போனேன்.
பூஜ்யம் புள்ளி நான்கு ஏழு.
வரம்பு, பூஜ்யம் புள்ளி இரண்டு.
ஒரு கடுகை நான்காக வெட்டி
ஒரு துண்டை ஒரு கிலோ அரிசிக்குள் ஒளித்த மாதிரி.

வாய் திறக்குமுன் சாப்பிட உட்கார வைத்துவிட்டாள்.
புகையில் உலர்த்திய பன்றிக்கறி, பச்சை மிளகாய்,
கிண்ணத்தில் குவித்த வெள்ளைச் சோறு.
அறிக்கை பைக்குள் தொடையை இடித்துக்கொண்டிருந்தது.
குச்சிகளை எடுத்தேன். வைத்தேன்.
உடல் எடையால் வகுத்து, வருடத்தால் பெருக்கி...
ஒரு கிண்ணம் ஒன்றும் செய்யாது.
அது எனக்குத் தெரியும்,
கைக்குத் தெரியவில்லை.

அவள் பார்த்துவிட்டாள். சிரித்தாள்.
"சாப்பிடு. ஹெய்லோங்ஜியாங் அரிசி, கடை மூட்டை.
மூணு வருஷமா எங்க நெல்லை நாங்க தொடறதில்லை."

"அப்படியானால் உங்கள் நெல்?"

"வித்தாச்சு. நீ போன பதினஞ்சாம் நாள் லாரி வந்துது.
ஈரம் பார்த்தான், பதர் பார்த்தான், விலை சொன்னான்.
நீ தேடினதை அவன் தேடலை.
வடக்கத்தி அரிசி விலை கூட.
எதை வித்து இதை வாங்குவேன்?"

கறியை என் கிண்ணத்துக்குத் தள்ளினாள்.
சாப்பிட்டேன். நல்ல அரிசி.
லாரி எந்தப் பக்கம் போனது என்று கேட்டதற்கு
முகவாயால் சாலையைக் காட்டினாள்.
நான் வந்த அதே சாலை.

ஆய்வகக் கேண்டீன், மாலை ஆறு மணி.
எஃகுத் தொட்டியில் ஆவி பறந்தது.
பரிமாறுகிற ஜான் என் தட்டில் இரண்டு கரண்டி போட்டார்.
"அரிசி எங்கேயிருந்து வருது?"
"மூட்டையிலிருந்து."
பின்னால் நின்றவர் முழங்கையால் இடித்தார்.

ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
சோற்றைத் தட்டிச் சமன் செய்து
குச்சியால் குறுக்கே ஒரு கோடு போட்டேன்,
நெடுக்கே ஒரு கோடு.