டிராகனுக்கு அடியில் பகல் தூக்கம்

ஆணி அடிக்கக் கூடாதென்று
ஹாரிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார்.
ஃபர்வானியாவில், நாலாவது மாடியில்
என் இராச்சியம் மொத்தமும்
டேப்பில்தான் நிற்கிறது.

கோடையில் பசை இளகும்.
ஏசி நின்றுபோன ஒரு மதியம்
வடக்கு மலைத்தொடர் அப்படியே கழன்று
துணி காயும் ஸ்டாண்டில் சரிந்தது.
அம்மாவின் யூனிஃபார்ம் தோளில்
பஞ்சால் ஒட்டிய இஸ்மோராவின் பனி.

அந்தக் கதை ஐந்து பாகம்.
நாலு என்னிடம் இருக்கிறது.
ஐந்தாவதை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்களாம்.
முதல் பாகம் சால்மியாவில் பழைய புத்தகமாக, அரை தினார்;
உள்ளே ஹுதா என்று
அரபியில் யாரோ பெயரெழுதி
பக்கத்தில் வாள் ஒன்றும் வரைந்திருக்கிறாள்.
ஹுதா, உன் அறையில்
ஆணி அடிக்க விட்டார்களா?

இந்த அறைக்குக் கட்டில் ஒன்று.
இரவு எனக்கு, பகல் அம்மாவுக்கு.
அடுத்த அறை திருவல்லாக்காரர்களுக்கு,
வாடகையில் பாதியும் அவர்களுடையது.
அப்பா மினா அப்துல்லாவிலிருந்து
வெள்ளிக்கு வெள்ளி வந்து ஹாலில் படுப்பார்.
சீரியல் லைட்டைப் பார்த்து
"யாருக்குடே கல்யாணம்?" என்பார்.

ஆறேகாலுக்கு என் பஸ்.
ஏழரைக்கு அம்மாவை இறக்கிவிடும் ஆஸ்பத்திரி பஸ்.
ஒரே தலையணை,
ஒருவர் முடி ஒருவருக்கு.

ஒருமுறை நீல மூடி ஒன்று கேட்டேன்,
ஊசி மருந்துக் குப்பியின் மேல் இருக்குமே, அது.
அன்றிலிருந்து தினமும் பாக்கெட்டில் கைநிறைய.
சோப்பில் கழுவி, ஜன்னலோரம் காயவைத்து
அலமாரிக் கதவில் ஒட்டினேன்:
ஆரஞ்சு, பச்சை, ஒருமாதிரி வெளிறிய மஞ்சள்,
அறுநூற்றுப் பதினான்கு செதில்.
டிராகன் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, வால்தான் பாக்கி.
வாலுக்கு ஊதா வேண்டும்; ஊதா அபூர்வம்.
ஊதா நிறைய வந்த வாரத்தில்
அம்மா யாரோடும் பேசவில்லை.

மூன்றாம் பாகம், பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டில்
ஈசிஜி தாள் ஒரு துண்டு இருந்தது.
நான் வைத்ததில்லை.
யாருடைய நெஞ்சோ, சின்னச் சின்ன மலைகளாக.
மறுநாள் அது இருநூற்று நாற்பதுக்கு நகர்ந்திருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது முதலில்.
பேண்டின் அடிப்பாக்கெட்டைத் துழாவினமாதிரி.
ஓரங்களில் பென்சிலால் நான் எழுதியதையெல்லாம்
படித்திருப்பாள் அல்லவா?
அந்தத் திருட்டுப் பையனைப் பற்றி எழுதியதையும்?

தேடிப் பார்த்தேன்.
"ராணி தெல்மரா செத்தால்தான் நாடு உருப்படும்"
என்று நான் கிறுக்கியதற்குக் கீழே
டியூட்டிப் பேனாவின் நீல மையில்:
"அவ தூங்கி எத்தனை நாளாச்சுன்னு
உங்க கூட்டத்துல ஒருத்தி கேட்டாளா?"

கேட்கவில்லைதான்.
சாபம், அரியணை, பலி என்று
ஓடி ஓடிப் படித்ததில்
இரவெல்லாம் வாசலில் விழித்திருப்பவள்
ராணி என்பதே மறந்துபோயிருந்தது.
ஆனாலும் விடவில்லை: "குழந்தைகளைக் கல்லாக்கினாளே?"
நீல மை: "அது தப்புதான். ஆனா மூணாவது அதிகாரத்தை மறுபடி படி."
இப்படியே நாலாம் பாகம் வரை.
நேரில் மட்டும்
"தோசை மாவு ஃப்ரிட்ஜில்", "சரி."

மார்ச்சில் தூசிக்காற்று.
பள்ளி லீவு, அம்மாவுக்கும் ஆஃப்.
பதினொரு மணிக்கே ஜன்னல் செங்கல் நிறமாகி
அப்புறம் இருண்டது.
சீலிங்கில் என் பிளாஸ்டிக் நட்சத்திரங்கள்
முதல்முறையாகப் பகலில் ஒளிர்ந்தன.
ஒரு கட்டில், இரண்டு பேர்.
யார் சுவரோரம் என்பதில் சின்னச் சண்டை.

"ஷெரின், வாலுக்கு இன்னும் எத்தனை?"
"நாற்பது. ஊதா வேண்டாம்.
எந்தக் கலரானாலும் சரி."
அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து, தூக்கம் கலந்த குரலில்
"அஞ்சாவதுல அவளைக் கொன்னுருவாங்களா?"

தெரியாது என்று சொல்வதற்குள்
மூச்சு சீராகிவிட்டது.

டேப் ஒன்று விடும் சத்தம்.
எந்த மலையோ, தரையில் விழுந்தது.
நான் எழுந்திருக்கவில்லை.