மூச்சைப் பிடிங்க

ஏலத்தில் எடுத்தபோது பின்கண்ணாடியில்
'திருமங்கலம்' சுரண்டியதுபோக
'திரு' மட்டும் மிச்சமிருந்தது.
இருக்கைகளைக் கழற்றி எடைக்குப் போட்டார்கள்.
சன்னல்களை அடைத்து, சுவரெங்கும் ஈயத்தகடு பதித்து
நடுவில் எக்ஸ்ரே மிஷினை நிறுத்தி
என்னையும் உள்ளே ஏற்றிவிட்டார்கள்.
படிக்கட்டில் ஆள் தொங்கிய நாளிலும்
இந்தக் கனம் இல்லை என்பார் டிரைவர் ஒச்சப்பன்.
எந்த ஸ்டாப்பிலும் இறங்காத பயணி, ஈயம்.

மேலூர், வாடிப்பட்டி, சமயநல்லூர்:
தரையில் ஓடும்வரை ஒரு குறையுமில்லை.
சிறுமலைக்கு மாதம் இரண்டு நடை.
முனகும், நின்று தண்ணீர் குடிக்கும், ஏறிவிடும்.
இறங்குவதுதான்.

போன ஐப்பசியில், பதினோராம் வளைவில்
முதலில் முடி கருகும் வாசனை.
பிறகு பின்சக்கரத்தில் புகை.
ஒச்சப்பன் பெடல்மேல் ஏறியே நின்றார்.
பெடல் கல்லாய் நின்றது,
வண்டி நிற்கவில்லை.
மலைப்பக்க மண்சுவரில் உரசி உரசி
ஒரு பலாமரத்தடியில் சாய்த்தார்.
"ஜெபக்கனி, படமெல்லாம் பத்திரமா?"
ஈய அங்கியோடு இறங்கி
நடுரோட்டில் உட்கார்ந்தேன்.
வாழைத்தார் ஏற்றிவந்த வேன்காரன்
சாமி வந்தவள் என்று நினைத்து
ஒதுங்கிப் போனான்.

அலுவலகத்துக்கு எழுதினோம்.
ஏழு வாரம் கழித்துப் பதில்:
'வாகனத்தில் ஏற்கெனவே பிரேக் உள்ள நிலையில்
மற்றொரு பிரேக்கின் அவசியத்தை விளக்கவும்.'

விளக்கியவர் கப்பலூர் சிக்கந்தர்.
வண்டிக்கடியில் படுத்திருந்தார்,
செருப்புகள்தான் பேசின:
"பிரேக் பிடிச்சா சூடு எங்கம்மா போகும்? டிரம்முக்கு.
பதினெட்டு வளைவுச் சூட்டையும் அதுவே குடிக்குமா?
இறங்கயில இஞ்சின் சும்மாதான வருது,
அதை வேலை வாங்கணும்.
அண்ணன் நியூட்ரல்ல விட்டு டீசல் மிச்சம் பிடிப்பாரு,
எனக்குத் தெரியாதா."
ஒச்சப்பன் மடியில் வெற்றிலை தேடினார்.
"பதினெட்டாம்படியான் பாத்துக்குவான்."
"பாக்கட்டும். அவருக்கும் ஒரு கைஉதவி."

பழைய லாரியில் கழற்றிய சாமான்தான்.
புகைக்குழாயை அறுத்து நடுவே வைத்தார்
உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத்தகடு.
கிளச்சுக்குப் பக்கத்தில் குமிழ்போல் சுவிட்ச்.
மிதித்தால் தகடு திரும்பிக் குழாயை அடைக்கும்,
டீசல் நிற்கும்,
போக வழியற்ற காற்று பிஸ்டனை மறிக்கும்.
"சுருக்கமாச் சொன்னா" என்று வெளியே உருண்டு வந்தார்,
"இஞ்சினை மூச்சைப் பிடிக்கச் சொல்றோம்."

சிரித்துவிட்டேன்.
ஒரு நாளைக்கு அறுபது தடவை
நான் சொல்லிச் சம்பளம் வாங்கும் வாக்கியம்.
நெஞ்சைத் தகட்டில் ஒட்டுங்க. தோளை முன்னால தள்ளுங்க.
இழுங்க... பிடிங்க... விடாதீங்க.
சிலரிடம் பிடிப்பதற்கு மூச்சே இருக்காது.
இருமலில் உடையும்,
படம் கலங்கும்,
மறுபடி.
இன்று மலையில் மிளகு பறிக்கும் பூங்காவனத்துக்கு
நான்கு தடவை.
இடது மேல்மூலையில் பஞ்சுபோல் ஒன்று.
நாளைக்கு அவளைக் கூப்பிட வேண்டும்.

சாயங்காலம் ஏறின கியரிலேயே இறங்கினோம்.
சுவிட்சை மிதித்ததும் வண்டி தொண்டையைச் செருமியது,
பிறகு உள்ளுக்குள் ஒரு நீண்ட 'உம்'.
ஒச்சப்பனின் வலதுகால்
வேலையில்லாமல் தவித்தது,
கல்யாண வீட்டில் பந்தியும் பரிமாறாமல்
மொய்யும் எழுதாமல் நிற்கும் ஆள்போல.
பதினோராம் வளைவு.
மண்சுவரில் எங்கள் நீலப் பெயிண்ட் இன்னும் இருந்தது.
யாரும் அதைப் பேசவில்லை.
விடாதீங்க, விடாதீங்க என்று
என் வாய் மட்டும் சொல்லிக்கொண்டு வந்தது.

அடிவாரத்தில் சிக்கந்தருக்குப் போன் போட்டோம்.
"எடுத்ததும் தொடாதீங்க. கிட்டக் கையக் கொண்டு போங்க.
சுடலைன்னா தொடுங்க."
கொண்டுபோனேன். தொட்டேன்.
சூடு இருந்தது,
மாலைக் காய்ச்சல்காரியின்
நெற்றியளவு.