மூன்றாம் மாடி விரிசல்

ஓஸ்டெண்ட் துறைமுகத்தில்
ஹெர்ரிங் மீன் விலை ஏறிய வாரம்.
மூன்றாம் மாடி ஜன்னலில் விரிசல் என்று
வீட்டுக்காரி வாண்டெபூட்டே அம்மாள்
ஆள் அனுப்பியிருந்தாள்.
புட்டி, வைரமுனை, அளவு நாடா.
அறுபத்திரண்டு படிகள்.

கதவு திறந்தே கிடந்தது.
எதிர்ச் சுவரில் ஜன்னல், அதற்குள் கடல்.
கடலுக்கு மேலே, தண்ணீரைத் தொடாமல்,
நான்கு பேருக்குப் பரிமாறிய மேசையொன்று
மிதந்துகொண்டிருந்ததாம்.
நான் கவனிக்கவில்லை.
கண்ணாடிக்காரன் கண்ணாடியைத்தான் பார்ப்பான்.
அதன் வழியாகப் பார்ப்பது மற்றவர்கள் வேலை.

விரிசல் இடது மூலையில் தொடங்கி
மயிரிழையாய்ச் சரிந்து
நடுவில் இரண்டாய்ப் பிரிந்தது.
கல்லடி இல்லை, குளிரில் சட்டம் இறுகியது
என்று தீர்மானித்தேன்.
இருபத்தாறு வருஷத் தொழில்.
அகலம் எழுபத்தொன்று, உயரம் தொண்ணூறு.
ஆட்டம் இருக்கிறதா என்று
கட்டைவிரலால் அழுத்தினேன்.

உள்வாங்கியது,
தூங்குகிற நாயின் வயிறு போல.

விரலில் நீலம்.
கதவுக்குப் பின்னால்
முட்டை உரித்துக்கொண்டிருந்த கோடலீவ் மார்ட்டன்ஸ்
"வானம் இன்னும் காயவில்லை" என்றாள்.
எழுந்து வந்தாள்.
தலையைச் சாய்த்து என் ரேகையைப் பார்த்தாள்.
"இருக்கட்டும். அங்கே ஒரு மேகம் குறைந்தது."

பதினெட்டு வருஷமாய் அந்த வீட்டை ஆள்கிறவளுக்கு
அந்தச் சுவரில் ஜன்னலே கிடையாது என்பது
மறந்துபோயிருந்தது.
விரிசல் மட்டும் உறுத்தியிருக்கிறது.
வந்துபோன கூலி நான்கு பிராங்க் என்று
பில் எழுதினேன்.
மறுபேச்சில்லாமல் கொடுத்தாள்.

மார்ச்சில் பிரஸ்ஸல்ஸில் கண்காட்சி.
கல்யாணத்துக்கு வாங்கிய டை கட்டிக்கொண்டு போனேன்.
கித்தானை ஒருவர்
இரண்டு பெண்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்:
"இந்த மேகத்தின் சுழிகளைக் கவனியுங்கள்,
பிறப்பதற்கு முன் நாம் கேட்ட கடலின் ஓசை."
பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.
நான் கட்டைவிரலைக்
கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
சொல்லியிருக்கலாம்.
ஆனால் அவள் துடைத்தது நிஜக் கண்ணீர்.

கடைசி ரயிலில் வீடு திரும்பி
மாடிப்படித் திருப்பத்தில் நின்றேன்.
சின்ன ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு.
அதன் நிழல் விளக்கை நோக்கியே விழுந்திருந்தது.
யாரோ அவசரத்தில் வரைந்தது மாதிரி,
மழைக்கோடுகள் மட்டும் நல்ல கைவேலை.

இந்த முறை ஏமாறக்கூடாதென்று
மெதுவாக விரலை நீட்டினேன்.
நீண்டுகொண்டே போயிற்று.
மணிக்கட்டு வரை நனைந்தது.

"அக்டோபரிலிருந்தே அங்கே கண்ணாடி இல்லை"
என்றாள் லியோனி
போர்வைக்குள்ளிருந்து.